நிலத்தில் வைத்த மாதுளை

எங்கள் உம்மாவுக்கு எந்தச் சாமானும் இரண்டு கிழமைக்கு மேல் ஓரிடத்தில் இருந்தால் பொறுக்காது. வாப்பா லுஹர் தொழுதுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிப்போட்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் விறாந்தையின் வலது மூலையில் உட்காருவார். தன்னுடைய பிரம்புக் கதிரை அங்கேதான் இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அன்று காலையில்தான் உம்மா கதிரையை இடது மூலைக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் குரோட்டன் சாடியை வைத்திருப்பார். "இந்த வூட்டுல மனுசன் குந்துறதுக்கும் விசா எடுக்கணும் போல" என்று வாப்பா சாரனைத் தட்டிக்கொண்டு எழும்புவார். உம்மா சிரிக்கமாட்டார். தள்ளி நின்று தலையைச் சாய்த்து, குரோட்டன் இன்னும் ஒரு சாண் உள்ளே போகவேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

இதற்கெல்லாம் காரணம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. அதில் பெண்கள் பக்கம் என்று ஒன்று வரும். வீட்டையும் தோட்டத்தையும் அழகாக்குவதற்கு யோசனைகள் போடுவார்கள். உம்மா அவற்றை வெட்டி ஒரு பிஸ்கட் பேணிக்குள் சேர்த்துவைத்திருந்தார். அந்த யோசனைகளை எழுதியவர்கள் எந்த ஊரில் இருந்தார்களோ தெரியாது, அவர்கள் வீட்டுக்குக் கடல்காற்று வருவதில்லை என்பது மட்டும் நிச்சயம். சிரட்டையில் மணி செய்து தொங்கவிடச் சொன்னார்கள். கல்முனைக் காற்றில் அது ஓய்வில்லாமல் அடித்து மூன்றாம் நாள் அறுந்து விழுந்தது. போத்தலில் பசை தடவி மணல் ஒட்டச் சொன்னார்கள். மணலுக்கு எங்களிடம் பஞ்சமா? ஒட்டியதைவிட மேசையில் கொட்டியது அதிகம். பழைய டயரை வெட்டி வெள்ளைப் பெயின்ட் அடித்து அன்னமும் செய்தார் உம்மா. பார்க்க வந்த மாமா அதைச் சுற்றி வந்து, "கொக்கா, கோழியா?" என்று கேட்டார். மாமாவுக்கு அன்று தேத்தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது.

இத்தனை மாற்றங்களுக்குள் ஒரு விசயத்தில் மட்டும் உம்மா அசையமாட்டார். எதையும் நிலத்தில் ஊன்றமாட்டார். ரோசா, ஆந்தூரியம், கற்றாழை எல்லாம் சாடியிலும் பால்மாப் பேணியிலும் பெயின்ட் வாளியிலும்தான் இருந்தன. கறிவேப்பிலைகூட ஓட்டை வாளிக்குள் நின்றது. வளவு என்னவோ வெறும் வெள்ளை மணலாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சாச்சிக்கு இது பெரிய மனக்குறை. "இவ்வளவு வளவு கெடக்கு, என்னத்துக்குகா செடிகளச் சிறையில போட்டு வெச்சிரிக்காய்?" என்று வேலிக்கு மேலால் கேட்பார். "இரிக்கட்டும் சாச்சி. தூக்கி வெக்க லேசி" என்பார் உம்மா. எனக்கு அது சரியாகவே பட்டது. கதிரையைத் தூக்கி வைப்பவர் செடியையும் தூக்கி வைக்கத்தானே வேண்டும்.

அந்தச் சாடிகளில் ஒன்றில் என் மாதுளை இருந்தது. என்னுடையது என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். நான் பிறந்த மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வாப்பா கொண்டுவந்த மாதுளம்பழத்தைத் தின்றுவிட்டு, நாலு விதையைக் கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாராம் உம்மா. மூன்று முளைக்கவில்லை. முளைத்த ஒன்றுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒவ்வொரு பெருநாளுக்கும் புதுச் சட்டையோடு அதன் பக்கத்தில் நின்று உயரம் பார்ப்பேன். ஐந்து வயதில் என்னைவிட உயரமாக இருந்த மாதுளை, ஒன்பது வயதில் என் தோளுக்குத்தான் நின்றது. பூக்கும், பிஞ்சு பிடிக்கும், பிஞ்செல்லாம் கொட்டிவிடும். "நிலத்துல வெய்கா, கொத்துக் கொத்தாக் காய்க்கும்" என்று சாச்சி சொன்னபோதெல்லாம் உம்மா "பாப்பம்" என்றார். உம்மா என் மரத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கிறார் என்று எனக்கு உள்ளூரக் கோபம் இருந்தது.

அந்த வருடம் என் அக்கா, ராத்தாவுக்கு மருதமுனையில் இருந்து ஒரு மாப்பிள்ளை பேசிவந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டையும் வளவையும் பெண்ணின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் மிச்சப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறிடம் போய்விடுவார்கள். எங்கள் வீடும் அப்படித்தான் ஒருகாலத்தில் உம்மாவின் கைக்கு வந்தது. சீதனம் கூடாது என்று ஜும்ஆத் தொழுகையில் பயான் செய்து உபதேசிப்பார்கள். ஜும்ஆ முடிந்த கையோடு வீடு பார்க்கப் புறப்படுவார்கள்.

இதெல்லாம் எனக்கும் தெரிந்துதான் இருந்தது, ஒன்பதாம் வாய்ப்பாடு தெரிந்திருந்த மாதிரி. ஒப்புவிப்பேன், கணக்குக்குப் போடத் தெரியாது. மாவடிப்பள்ளி வயலுக்குப் போகிற வழியில் வாப்பா இரண்டு அறை கட்டிக்கொண்டிருந்தார். பூசாத சுவர், ஒற்றை யன்னல். அது நெல்மூட்டை அடுக்குவதற்கு என்று நானாகவே முடிவுசெய்திருந்தேன். மாப்பிள்ளை வந்தால் எங்கள் வீட்டில் ஓர் ஆள் கூடும், அவ்வளவுதான் என் கணக்கு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளையின் ஆட்கள் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். வீடு பிடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அதற்கு முன்னால் ஒரு சம்பந்தம் சமையலறை சின்னது என்று நின்றுபோயிருந்தது. அதன் பிறகு ராத்தா ஒரு மாதம் சரியாகக் கதைக்கவில்லை. ஆகவே அந்தக் கிழமை உம்மா உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. நீலமாக இருந்த சுவர் பச்சையாகி, பச்சை கண்ணை உறுத்துகிறது என்று வெண்மஞ்சளாகியது. ஷோகேஸ் மூன்று சுவரிலும் நின்று பார்த்துவிட்டு முதல் சுவருக்கே திரும்பியது. சாடிகள் படியில் ஏறின, இறங்கின, மதிலோரம் வரிசைகட்டின. எங்கள் எல்லோருக்கும் கையில் பெயின்ட், தலையில் தூசி. பகல் சாப்பாட்டை நின்றபடியே தின்றோம்.

எல்லாரும் ஏதோ செய்கிறார்கள், என்னை மட்டும் "தள்ளி நில்லு புள்ள" என்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் உம்மா திரைச்சீலை எடுத்துவரத் தையல்காரியிடம் போனார். ராத்தா குசினியில் மறுநாளுக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் பிஸ்கட் பேணியைத் திறந்தேன். உம்மா இதுவரை செய்துபார்க்காத யோசனை ஒன்று அடியில் கிடந்தது. முற்றத்தின் நடுவில் ஒரு மரம், சுற்றிவர வெள்ளைக் கல். வருகிறவர்களின் கண் முதலில் அதில்தான் போய் நிற்கும் என்று போட்டிருந்தார்கள்.

மணல் என்பதால் சிரட்டையாலேயே குழி தோண்டிவிட்டேன். மாதுளைதான் சாடியை விட்டு வர மறுத்தது. இழுத்துப் பார்த்தேன், உருட்டிப் பார்த்தேன். கடைசியில் அரைச் செங்கல்லால் இரண்டு போடு போட்டேன். உம்மா மூன்று நாள் குந்தியிருந்து பூப்போட்ட சாடி நாலைந்து துண்டாகப் பிளந்தது. உள்ளே மண்ணைவிட வேர்தான் அதிகம், நூல்கட்டை மாதிரிச் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. பாவமாக இருந்தது. குழிக்குள் இறக்கி, சாச்சி வீட்டு ஆட்டுப் புழுக்கை இரண்டு கை போட்டு மூடி, தண்ணீர் ஊற்றி, மிஞ்சிய வெள்ளைப் பெயின்டைக் கற்களுக்கு அடித்து வட்டமாக அடுக்கினேன். படத்தில் இருந்ததைப் போலவே இருந்தது. இப்போது நினைத்தாலும் நல்ல வேலைதான்.

உம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தவர், திரைச்சீலைப் பொதியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"ஆரு புள்ள ஒன்ன இதச் செய்யச் சொன்ன?"

"நானாத்தான் உம்மா."

உம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். பொதியை என் கையில் திணித்துவிட்டு நேரே போய் மண்வெட்டியை எடுத்துவந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த ராத்தா மாவுக் கையோடு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க உம்மா. இப்ப கிளப்பினா வேர் அறுந்து செத்திரும். வெக்கிறதுக்குச் சாடியும் இல்ல. நாளைக்கி அவங்க வாற நேரம் முத்தத்துல குழி கெடந்தா நல்லாரிக்குமா?" உம்மா ராத்தாவின் முகத்தைப் பார்த்தார், மாதுளையைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை விட்டுவிட்டார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை மற்றச் சாடிகளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எதை எங்கே வைத்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை.

வெள்ளிக்கிழமை வான் வண்டியில் நாலு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் உம்மா மெதுவாகக் கதைக்கிற நல்ல மனுசி. அவருடன் எனக்கு இன்றைக்கும் எந்தக் கோபமும் இல்லை. அறை அறையாகப் பார்த்துவிட்டு, எது வீட்டோடு நிற்கும், எதை எங்கள் ஆட்கள் கொண்டுபோவார்கள் என்று சிரித்துச் சிரித்தே கேட்டார். அதற்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆணி அடித்ததும் நிலத்தில் ஊன்றியதும் வீட்டைச் சேரும். மற்றது தூக்குகிறவருக்கு. மின்விசிறி நிற்கும் என்றார் உம்மா. தண்ணீர் மோட்டார் நிற்கும். மதிலோரச் சாடிகளைக் காட்டி "இதெல்லாம்?" என்று கேட்டபோது, "அது என்ட" என்றார் உம்மா. எங்கள் உம்மா எதையும் "என்ட" என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லாம் "நம்மட" தான்.

கடைசியாக அவர் முற்றத்துக்கு வந்தார். பத்திரிகைக்காரர்கள் சொன்னது பொய்யில்லை. அவருடைய கண் நேரே வெள்ளைக் கல் வட்டத்தில்தான் போய் நின்றது. "மாஷா அல்லாஹ், மாதுள! இதுவும் ஒங்கடயா?"

உம்மா மாதுளையைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். அந்த இடைவெளி எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு அழகான வேலையை யார் செய்தது என்று தெரியாமலே அவர்கள் வண்டியில் ஏறிவிட்டால்?

"அது நிலத்துல வெச்சது!" என்று முன்னால் பாய்ந்தேன். "நான்தான் வெச்ச!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "அப்ப அது வூட்டோட சேந்தது. கெட்டிக்காரி, ராத்தாக்கு நீயும் ஒரு சீதனம் குடுத்திட்டாய்" என்றார். பிறகு, சரிதானே என்பது போல உம்மாவைப் பார்த்தார்.

"ஓம்" என்றார் உம்மா.

வீடு பிடித்துவிட்டது. அவர்கள் போன பிறகு ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். வாப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிவந்தார். உம்மா கிணற்றடியில் குந்தி உடைந்த சாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு துண்டை எடுத்துப் பூவோடு பூ பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தார். நான் ஐஸ்கிரீமோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"உம்மா, என்ட மரத்தாலதான் அவங்களுக்கு வூடு புடிச்ச, என்ன?"

"ஓம் மகள்" என்றார். "நல்ல வேலதான் செஞ்ச."

மறுநாள் குர்ஆன் ஓதப் போன பள்ளியில் இதையே எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

கலியாணம் முடிந்து நாற்பது நாளில், பின்னால் பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. உம்மா சாடிகளையும் பேணிகளையும் ஒவ்வொன்றாகத் தானே தூக்கி ஏற்றினார். யாரையும் தொடவிடவில்லை. வாப்பாவின் கதிரை கடைசியாக ஏறியது. நெல்மூட்டைக்கு என்று நான் நினைத்திருந்த அந்த இரண்டு அறையின் முன்னால் வண்டி நின்றபோதுதான், இனிமேல் நித்திரை கொள்வது இங்கேதான் என்று எனக்கு உறைத்தது. மூன்று நாள் ஊரைக் கூட்டி அழுதேன். உம்மா அழவில்லை. அவருக்கு ஒற்றை யன்னலுக்கு எந்தப் பக்கம் ரோசாவை வைப்பது என்ற யோசனை.

நிலத்தில் வைத்த மாதுளை சாச்சி சொன்னது போலவே செய்தது. இரண்டு வருடத்தில் மதிலுக்கு மேலே எழும்பிவிட்டது. முதல் காய்ப்புக் காலத்தில் உம்மாவும் நானும் ராத்தாவைப் பார்க்கப் போனோம். மச்சான் சுவருக்கு நீலம் அடித்திருந்தார். ஷோகேஸ் இருந்த இடத்தில் தொலைக்காட்சி இருந்தது. உம்மா கதிரையின் நுனியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார். ஒரு சாமானையும் தள்ளி வைக்கவில்லை.

புறப்படும்போது முற்றத்தில், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பழம் சிவந்து தொங்கிக்கொண்டிருந்தது. உம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "ராத்தாட்டக் கேட்டுட்டு வா மகள், ஒரு பழம் எடுக்கட்டாம் எண்டு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மட மரத்தில் பறிக்க யாரிடம் கேட்பது? எட்டிப் பறித்து உம்மாவின் கையில் வைத்தேன். உம்மா அதைப் பைக்குள் போடவில்லை. வீட்டைச் சுற்றிக் குசினி வாசல்வரை நடந்துபோய், ராத்தாவிடம் காட்டிவிட்டுத்தான் போட்டார்.

எனக்கோ நேரம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் பிள்ளைகள் விளையாடத் தொடங்கியிருப்பார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, வாங்கெண்டா, வூட்ட போவம்!" என்று கத்தினேன்.

உம்மா வந்த வழியில் நின்று, வீட்டைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார், திரும்பவும் வீட்டைப் பார்த்தார். குடையையோ எதையோ உள்ளே மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.