வால்வு போர்டு

என் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டி, சுவரைப் பார்க்க உட்கார வைத்துவிட்டுத்தான் மாமா கிட்டாரை எடுப்பார். ஒரே பாட்டின் ஒரே இடத்தை இரண்டு தடவை வாசிப்பார். நடுவில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னப் போர்டைக் கழற்றி வேறொன்றை மாட்டுவார். முடிந்ததும் கேட்பார்.

"எதுலே? மொத வாசிச்சதா, பெறவு வாசிச்சதா?"

நான் அப்போது நாலாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். மருந்துப் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் தொடங்கி, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பது வரை நான் சொன்னால் சொன்னதுதான். அந்த வரிசையில் இதுவும் சேர்ந்துகொண்டது.

மாமா என் அம்மாவின் தம்பி. ஸ்ரீவைகுண்டத்தில் எங்களோடுதான் இருந்தார். பகலெல்லாம் லாரியில் வாழைத்தார் ஏற்றுவார். தூத்துக்குடியில் ஒரு கப்பல் சமையல்காரர் கொடுத்துவிட்டுப் போன பழைய எலக்ட்ரிக் கிட்டாரும், வெள்ளைக்காரர்களின் பழைய ராக் பாட்டுக் கேசட்டு ஒன்றும் அவரிடம் இருந்தன. அந்தக் கேசட்டில் கிட்டார் அழும். தொண்டை கட்டிய ஒருவன் உரக்கக் கூப்பிடுவதுபோல, ஓரமெல்லாம் கிழிந்த சத்தம். சினிமாப் பாட்டுகளிலும் அந்தச் சத்தம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம். திருநெல்வேலியில் ஒரு மெல்லிசைக் குழு அப்படி வாசிக்க ஆள் தேடுவதாகத் தெரிந்ததும் மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பம்பாயில் இருந்த பெரிய மாமா அங்கே ஒரு மில்லில் வேலை சொல்லி வைத்துவிட்டு, உடனே கிளம்பி வா என்று ஆள் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அம்மாதான் அவரிடம் மன்றாடி ஒரு தவணை வாங்கினாள். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை குழு வைக்கும் தேர்வில் இடம் கிடைத்தால் மாமா இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் மறுநாளே ரயில்.

கிட்டாரிலிருந்து வருவது கொசுவின் ரீங்காரம் போன்ற சத்தம்தான். அதை முதலில் வாங்கி வளர்த்து, பெரிய ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைக்க ஒரு போர்டு உண்டு. ப்ரீ ஆம்ப் என்பார்கள். கிட்டாருக்கு எப்படிப்பட்ட குரல் என்பது அங்கேயே முடிவாகிவிடும். பாளையங்கோட்டையில் ரேடியோக் கடை வைத்திருந்த ஒருவர் மாமாவுக்காக இரண்டு விதமாகச் செய்து கொடுத்திருந்தார். ஒன்று டிரான்சிஸ்டர் போர்டு. மற்றது பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கண்ணாடி வால்வு வைத்த போர்டு. இரண்டையும் வாசித்துப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும். அதுவரை பெட்டி பேசாது. ஆகவே கண்ணைக் கட்டினாலும் எது எது என்று எனக்குத் தெரிந்துவிடும். இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த விளையாட்டு நின்றுவிடுமே.

ஆனால் பொய் சொல்ல அவசியமே இருக்கவில்லை. ஐந்து நாளும் வால்வு போர்டுதான் அழுதது. கேசட்டில் அழுவதைப் போலவே அழுதது. டிரான்சிஸ்டர் போர்டு வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருந்தது. மாமா லோடு முடித்து வந்து குளிப்பதற்குள் ஆறு ஆகிவிடும். அந்த நேரத்தில் அரிசி மில்லும், வாழைத்தோட்டத்து மோட்டார்களும், ஊர் விளக்குகளும் ஒன்றாக ஓடும். எங்கள் தெரு மின்கம்பி வரிசையின் கடைசி. பல்பு மங்கி, அதன் இழையை வெறுங்கண்ணால் பார்க்கலாம். கரண்டு குறைந்த அந்தப் பொழுதில் வால்வு பாதி வயிற்றோடு வேலை செய்து திணறியது என்பதும், அந்தத் திணறலைத்தான் நாங்கள் இருவரும் சொக்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதும், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு லோடு இல்லை. உச்சிப் பொழுதில் என்னைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டினார். மில்லுக்கு விடுமுறை. மேலே மின்விசிறி வழக்கமில்லாத வேகத்தில் சுற்றியது. முதலில் டிரான்சிஸ்டரில் வாசித்தது சுமாராக இருந்தது. அது முடிந்து, அரை நிமிட மௌனத்துக்குப் பிறகு வால்வின் சத்தம் வந்தது. வால்வு அழவே இல்லை. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் பாத்திரம்போலப் பளிச்சென்று, ஒன்றுக்கும் ஆகாத சத்தம்.

"எதுலே?" என்றார் மாமா. குரலில் ஏதோ ஒன்று குறைவாக இருந்தது.

ஐந்து நாள் ஒன்றைச் சொல்லிவிட்டு ஆறாம் நாள் வேறொன்றைச் சொன்னால், இதுவரை சொன்னதெல்லாம் குருட்டாம்போக்கு என்று ஆகிவிடாதா? படிக்கிறவன் இரண்டு பதில் சொல்லலாமா?

"பெறவு வாசிச்சதுதான் மாமா" என்றேன்.

மாமா பெட்டியை மூடினார். அன்று சாயங்காலம் அவராகவே மறுபடி மாட்டி வாசித்தார். வால்வு பழையபடி அழுதது. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் அந்த மத்தியானச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. தேர்வன்று பஸ்ஸில் கருங்குளம் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விரல்களைத் துணியால் துடைத்தபடி இருந்தார். மூடிக்கொண்டேன்.

திருநெல்வேலி டவுனில் ஒரு கல்யாண மண்டபம். காலை பத்து மணி. விளக்குகள் கண்ணைக் கூசும்படி எரிந்தன. குழுவை நடத்துகிறவர் முன்வரிசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். மாமாவுக்கு முன்னால் வாசித்த இரண்டு பேருக்கும் தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டார்.

மாமா சுவிட்சைப் போட்டார். அரை நிமிடம்.

எவர்சில்வர் பாத்திரம்.

நாலு தந்தி தட்டியதுமே மாமா நிறுத்திவிட்டார். கீபோர்டுக்காரர் சிரித்தார். "என்ன வே, மணி அடிக்கீரு? தீபாராதனையா?" என்றதும் மற்றவர்களும் சிரித்தார்கள். மாமா அண்ணாச்சியைப் பார்த்து, அஞ்சு நிமிஷம் கொடுங்க என்று கேட்டார். அவர் மடியில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தலையசைத்தார்.

மாமா தம் துணிப்பைக்குள் கையை விட்டு, வாழைச்சருகில் பொதிந்திருந்த ஒன்றை எடுத்தார். டிரான்சிஸ்டர் போர்டு. அதை அவர் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் கூடவே கொண்டுவந்திருக்கிறார்.

பெட்டியைத் திறந்து வால்வு போர்டைப் பிடுங்கினார். வீட்டில் என்றால் வால்வு ஆறும்வரை விசிறியபடி காத்திருப்பார். இங்கே அதற்கு நேரம் இல்லை. சுரீரென்று கையை இழுத்தவர், மறுபடியும் பிடித்து உருவினார். ஒயர்களை மாட்டும்போது இடது கையின் இரண்டு விரல்களை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டார். தந்தியை அழுத்தி வளைக்கிற விரல்கள் அவை.

டிரான்சிஸ்டர் போர்டு அந்த மண்டபத்தில் நன்றாகவே ஒலித்தது. அழுகை இல்லை, கரகரப்பு இருந்தது. ஆனால் தந்தியை மேலே வளைத்து நிறுத்த வேண்டிய இடத்தில் விரல் நிற்காமல் வழுக்கியது. அடுத்த தடவையும் வழுக்கியது. மாமா கடைசிவரை வாசித்தார்.

"சவுண்டு நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார் அண்ணாச்சி, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே. "கை இன்னும் பழகணும்."

மாமா கையைக் காட்டவில்லை. விரல் வெந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி அண்ணாச்சி என்று மட்டும் சொன்னார். மறுநாள் ரயிலேறினார்.

நான் டிப்ளமோ முடித்த வருடம் அவர் பம்பாயிலிருந்து விடுப்பில் வந்தபோது, கரண்டு குறைவதையும் வால்வு திணறுவதையும் நோட்டில் படம் போட்டு விளக்கினேன். தப்பு போர்டில் இல்லை, கரண்டில்தான் என்று நிரூபித்துவிட்டதில் எனக்குப் பெரிய திருப்தி. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பொய்யையும் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

மாமா சிரித்தார். "எனக்கு மட்டும் காது இல்லையாலே? அன்னைக்கே கேட்டுச்சு."

"பெறவு ஏன் மாமா அதையே மாட்டுனீங்க?"

"நீ அதுதான்னு சொன்னேல்லா" என்றார்.

அன்று தேர்வு முடிந்து திரும்பிய பஸ்ஸில் மாமா இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றில் பிடித்தபடியே வந்தார். என்னமோ கேட்டார், முறுக்கு வேணுமா என்பதுபோல. இரண்டு போர்டையும் கொண்டுவந்த மனிதருக்கு என் பேச்சில் நம்பிக்கை கிடையாது என்பது எனக்கு அப்போது சந்தேகமறத் தெரிந்துவிட்டது. ஊர் வரும்வரை முகத்தை அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.