மேசைக்கு இறங்கிய கோப்பை

நோரீன் டல்லியின் சமையலை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அவள் கறி வேகவைக்கும் அழகைப் பார்த்தால் செத்த ஆடே கோபித்துக்கொள்ளும். இருந்தும் எங்கள் ஆட்டுமுடி கத்தரிக்கும் குழு இருபத்திரண்டு வருடம் அவளை விட்டுக்கொடுக்கவில்லை. காரணம் அவளுடைய ஆணிப் பலகை.

ஆஸ்திரேலியாவில் டார்லிங் ஆற்றுக்கு மேற்கே எந்தப் பண்ணைக்குப் போனாலும் லாரியிலிருந்து முதலில் இறங்குவது அந்தப் பலகைதான். பன்னிரண்டு ஆணி. சாப்பாட்டு அறைச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் தள்ளி அறையச் சொல்வாள். எங்கள் எனாமல் கோப்பைகள் அதில்தான் தொங்கும். அவளுக்கே எட்டாது, மாவு டின் மேல் ஏறித்தான் எடுப்பாள். கொஞ்சம் கீழே மாட்டினால் என்ன குடிமுழுகிவிடும் என்று முதல் வருடம் நான் எரிந்து விழுந்தேன்.

"டீ வேணும்னா கையத் தூக்கு, ஸ்டான். வேணாம்னா பேசாம போ," என்றாள்.

நான் கம்பளியை அமுக்கிப் பொதி கட்டுகிறவன், மரமண்டை. அந்த உயரத்தின் சூட்சுமம் புரிய எனக்கு நாலு வருடம் பிடித்தது. காலையில் எவனுடைய கோப்பையாவது ஆணியில் இல்லாமல் மேசையில் உட்கார்ந்திருந்தால், அவன் தோள் கெட்டுவிட்டது என்று அர்த்தம். கோப்பை எடுக்க ஒவ்வொருவனும் கையைத் தூக்கும் விதத்தை அவள் கவனிப்பாள்; வாயால் சொல்லமாட்டாள், கோப்பையை இறக்கி வைத்துவிடுவாள். ஏழு பேருக்கு அப்படிக் கோப்பை இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஏழு பேரையும் பார்த்த டாக்டர், தோளுக்குள் தசைநார் கிழிந்திருக்கிறது என்றுதான் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. படிப்பு கிடையாது, படம் பிடிக்கிற எந்திரம் கிடையாது, கையில் ஒரு கரண்டி. நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எட்டாவது கோப்பை வெர்ன் பாஸ்கோவுடையது.

வெர்ன் ஒன்பது வருடமாக எங்கள் வரிசையில் முதல் இடத்தில் நின்று கத்தரித்தவன். ஒரு நாளைக்கு இருநூறு ஆடு. அந்த இடத்தை விடுவதும் உயிரை விடுவதும் அவனுக்கு ஒன்றுதான். அன்று காலை மேசையில் தன் கோப்பையைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்துபோனது. நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்து முட்டையைத் தின்றோம்.

"உப்பு போட மறந்துடுவா. இதுக்கு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு," என்று சொல்லிக் கோப்பையைத் தூக்கி மறுபடி ஆணியில் மாட்டினான்.

"இடது கையால மாட்டின," என்றாள் நோரீன். அடுப்பைப் பார்த்து நின்றவள் திரும்பவே இல்லை.

"வலது கையில ரொட்டி இருக்கு."

"ரொட்டிய வெச்சுட்டு மாட்டு."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். மறுநாளும் கோப்பை மேசையில். அவன் மாட்ட, அவள் இறக்க, நாலு நாள் இந்தக் கூத்து நடந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் நான் பொதி கட்டும் இடத்துக்கே வந்துவிட்டாள். வெர்னும் நானும் ஒரே அறை.

"ராத்திரி எந்தப் பக்கமா படுக்கிறான்?"

"இடது பக்கம். வலது பக்கம் புரண்டா முனகிக்கிட்டே எழுந்து உட்கார்றான்."

"தைலம் எங்க தேய்க்கிறான்?"

"மேல்கையில, வெளிப்பக்கம். தோள்ல இல்ல. சதைப்பிடிப்புதானாம்."

"எல்லாப் பயலும் அங்கதான் தேய்ப்பான். வலி அங்க, கிழிசல் மேல, தோளுக்குள்ள." கொஞ்சம் நிறுத்தினாள். "லெஸ்ஸுக்கு மூணு வருஷம் நானே தேய்ச்சுவிட்டேன். தப்பான இடத்துல."

லெஸ் அவளுடைய செத்துப்போன புருஷன். அவனும் கத்தரித்தவன்தான். ஒரு நாள் ஆட்டை இழுக்கும்போது நார் அறுந்துவிட்டதாம். அதன்பிறகு தலை சீவக்கூடக் கை எழவில்லை, சாகும்வரை இவள்தான் சீவிவிட்டிருக்கிறாள். இதையெல்லாம் உருளைக்கிழங்கு விலை சொல்வதுபோலச் சொன்னாள். 

அப்புறம்தான் நான் பார்த்ததைச் சொன்னேன். கத்தரிக்கும் எந்திரத்தை ஓட்ட, தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை வெர்ன் இடது கையால் இழுக்க ஆரம்பித்திருந்தான். சட்டையைப் பின்பக்கம் செருகும்போது பல்லைக் கடித்தான். வலது கையைத் தூக்கினால் தோள் முழுக்கக் காதுவரை ஏறியது.

"இவ்வளவும் பார்த்திருக்க. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்றாள்.

டீ வேளைக்கு எந்திரங்கள் நின்றதும், வெர்ன் எதிரில் போய் நின்றாள்.

"ஒரே தடவை. உன் கைய நான் தூக்கறேன், நீ பிடிச்சு நிறுத்து. நின்னுச்சுன்னா உன் கோப்பையத் தொடமாட்டேன். சமையலயும் விட்டுடறேன்."

"டேய் வெர்ன், எங்க வயித்துக்காகவாவது நிறுத்திடுடா," என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். வெர்னும் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தான்.

மணிக்கட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கினாள். கை லேசாக வந்தது.

"நான் தூக்கினா வருது பார். மூட்டு இறுகியிருந்தா எனக்கும் வராது. இப்ப நீ பிடிச்சு நிறுத்து, அப்புறம் மெதுவா இறக்கு," என்று விட்டாள்.

கை நிற்கவில்லை. நடுங்கியது, ஒரு சாண் இறங்கியது, அப்புறம் தொபுக்கென்று அவன் தொடையில் விழுந்தது. கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. வெர்ன் அந்தக் கையை வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தான்.

"நார் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். இருக்கறப்பவே டாக்டர்கிட்ட போயிடு, வெர்ன்."

"இந்தக் கொட்டகை வேலை முடிய மூணு நாள்தான் நோரீன் இருக்கு."

"லெஸ்ஸுக்கும் மூணு நாள்தான் இருந்துச்சு."

வெர்ன் கத்தரியைக் கழற்றி, எண்ணெய் போட்டுத் துடைத்து என்னிடம் கொடுத்தான். சாயங்காலத் தபால் லாரியில் போய்விட்டான். முக்கால்வாசி கிழிந்திருக்கிறது, இன்னும் ஒரு பெரிய ஆட்டை இழுத்திருந்தால் மிச்சமும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். தைத்தார்கள். பத்து மாதம் ஆளையே காணோம்.

அடுத்த ஆகஸ்டில் ஒரு காலை அவன் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது கோப்பை மேசையில் இருந்தது. நோரீன் இந்தத் தடவை அடுப்பைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். அவன் வலது கையால் எடுத்தான்.  கை மெதுவாக ஏறியது. பாதியில் கொஞ்சம் தயங்கியது. தோள் காதுக்கு ஏறவில்லை. ஆணியில் கோப்பை மாட்டிக்கொண்டது.

"மாட்டிட்டேன்," என்றான் வெர்ன்.

"தெரியுது. அங்க தொங்கற கோப்பையில எப்படி டீ ஊத்தறது? எடுத்துட்டு வா."

அவன் மறுபடியும் வலது கையைத் தூக்கி எடுத்துவந்து நீட்டினான். நோரீன் ஊற்றும்போது பாதி டீ மேசையில் கொட்டியது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் டீயைச் சிந்தி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.