எந்த வரி அக்கா

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுட்டுவிரலைத் திரைமேல் வைத்து, வரி வரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார். உதடுகள் அசைகின்றன. "திறந்தாச்சு... மூடியாச்சு... திறந்தாச்சு... எங்கடா மூடினே?" மருத்துவமனையின் கணினி அறையில் பதினொரு வருடமாக இதுதான் காலைப் பாட்டு.

பக்கத்து மருந்தகத்தில் இருக்கும் நாங்கள் அவரை 'எந்த வரி அக்கா' என்றுதான் சொல்வோம். யாராவது போன் செய்து, "அக்கா, எர்ரர் வருது" என்றால் முதல் கேள்வி, "எந்த வரி?" "ஏதோ தப்புன்னு போடுது" என்று இழுத்தால் போச்சு. "டாக்டர்கிட்ட போய் ஏதோ வலிக்குதுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுவீங்களா?" ஒருமுறை மகள் கல்லூரியிலிருந்து, "அம்மா, ஒரு பிரச்சினை" என்று ஆரம்பிக்க, இவர் வாய் தவறி, "எந்த வரி?" என்று கேட்டுவிட்டார். அவள் இரண்டு நாள் பேசவில்லையாம்.

இரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஃபைல் வரும். பெயர், படுக்கை எண், அளவு எல்லாம் அதனதன் குறிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குறியும் < என்று தொடங்கும்; திறந்த குறியை மூடியாக வேண்டும். அதைப் படித்து வார்டுக்கு அனுப்பும் புரோகிராமை எழுதியவர் இவருக்கு முன்பு இருந்தவர். அதைக் காவல் காப்பது இவர் வேலை.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம், மூன்றாம் மாடியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "அக்கா, எட்டாம் பெட் பொண்ணோட ரிப்போர்ட் காலையிலேர்ந்து வரல. லேப்ல கேட்டா, அப்பவே அனுப்பிட்டோம்கறாங்க."

புரோகிராம் 'எல்லாம் சரி' என்றது. அக்கா நம்பவில்லை. வந்த ஃபைல்களைக் கையாலேயே தேடினார். இருந்தது. பதினேழாவது வரியில், இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் <5000. எண்ண முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் இயந்திரம் 'இதற்கும் கீழே' என்று அந்த < அடையாளத்தைப் போடும். புரோகிராமோ அதை ஒரு புதுக் குறியின் தொடக்கம் என்று நினைத்து, முடிவைத் தேடித் தடுக்கி விழுந்திருக்கிறது. விழுந்ததை யாரிடமும் சொல்லாமல், மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டது. யாருடைய ரிப்போர்ட் முதலில் போய்ச் சேர வேண்டுமோ, அதைத்தான் அது விழுங்கியிருந்தது.

நர்ஸிடம் போனில் சொல்லிவிட்டு, அச்செடுத்த தாளோடு அக்கா ஓடினார். லிஃப்டுக்கு நிற்கவில்லை. படிக்கட்டில் கழன்று விழுந்த அவருடைய ஒரு செருப்பை நான்தான் எடுத்து வைத்தேன். அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணுக்குத் தட்டணு ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே இரத்தக் கசிவு தொடங்கியிருக்கவில்லை.

கீழே வந்தவர் எங்கள் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். "நீங்க எழுதினது இல்லையே அக்கா" என்றேன்.

"எழுதலதான். இத்தனை வருஷமா அது பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேனே!"

மறுநாளே புரோகிராமைப் பிரித்துப் போட்டார். படிக்க முடியாத ஃபைல் வந்தால், படுக்கை எண், வரி எண்ணோடு வார்டுத் திரையில் சிவப்பாக வரும். ஒருவர் மூல ஃபைலைப் பார்த்து, 'பார்த்தேன்' என்று அழுத்தும்வரை மணி ஓயாது. மற்ற ஃபைல்கள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். மேலாளர் முகம் சுளித்தார். "சிவப்பா வந்தா எல்லாரும் பயந்துடுவாங்கம்மா."

"பயப்படட்டும் சார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச வரைக்கும் போதும்."

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு அவள் அப்பா எங்கள் ஜன்னலுக்கு வந்தார். "ரிப்போர்ட்டைக் கண்டுபிடிச்ச டாக்டரம்மா எங்க இருக்காங்க?" நான்தான் கணினி அறைக்குக் கூட்டிப் போனேன்.

"ஐயோ, நான் டாக்டரெல்லாம் இல்லீங்க" என்று அக்கா பதறி எழுந்தார். அந்த மனிதர் கைகூப்பினார். அக்காவின் பார்வை அவரைத் தாண்டிப் பெண்ணிடம் போனது. பதினான்கு வயது இருக்கும். ஒல்லியான முன்கையில் பெரிய ஊதாக் கன்றல், ஓரங்களில் மஞ்சளாக வெளுத்துக்கொண்டிருந்தது.

"மறைஞ்சிடும் ஆன்ட்டி" என்றாள் அவள், ஆறுதல் சொல்வதுபோல.

அக்கா அந்தக் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கன்றலைச் சுற்றிக் கட்டைவிரலால், அழுத்தாமல், மெல்லத் தடவிக்கொண்டேயிருந்தார்.