இரண்டு வெங்கடம்மாள்

கிருபாராணி முறைத்தால் நின்றுபோன ஜெனரேட்டரும் தானாக ஓடும். சரி, கொஞ்சம் ஏற்றித்தான் சொல்லிவிட்டேன். அவள் முறைக்கிற முறைப்பில் ஆபரேட்டர் போய் ஓட்டுவார்.

ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் தொடங்கி, நிர்வாக சூப்பர்வைசர் ஆனவள். எந்த வார்டில் யார் லீவு, எந்தக் கட்டில் காலி, யாரிடம் தமிழில் கெஞ்சுவது, யாரைக் கன்னடத்தில் அதட்டுவது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆட்களுக்கு அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு: நோயாளியிடம் ‘நீங்கதானே?’ என்று கேட்கக் கூடாது. அவர்களே சொல்லட்டும் என்று விட வேண்டும்.

அன்று காலை ஜூஜுவாடியில் கம்பெனி பஸ் ஒன்று லாரியில் மோதி, அடிபட்டவர்கள் வந்து குவிந்தார்கள். கட்டில் போதவில்லை. இருந்தவர்களை அங்கும் இங்கும் மாற்றிய அவசரத்தில், இரண்டு வெங்கடம்மாள்களை ஒரே அறையில் போட்டது கிருபாராணிதான். ஒருத்திக்கு அன்றைக்கு முட்டி ஆபரேஷன். இன்னொருத்திக்கு இதயம் பலவீனம். மயக்க மருந்து கொடுத்தால் கண் விழிப்பது சந்தேகம்.

கூட்டம் சற்று அடங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. அறைக்கு ஓடினாள். ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. அதில் எந்த வெங்கடம்மாளைப் போட்டோம் என்று அவளுக்கே நினைவில்லை.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை மறித்தாள். தள்ளிக்கொண்டு வந்த அட்டெண்டர் விழித்தார்.

“என்ன கேட்டுக் கூட்டியாந்தீங்க, ஆஞ்சப்பா?”

“வெங்கடம்மாவான்னு கேட்டேன் மேடம். முட்டி வலியான்னும் கேட்டேன். தலையாட்டுச்சு.”

“இந்த வயசுல எந்தக் கிழவி முட்டி வலி இல்லைங்கும்?”

குனிந்து, “அவ்வா” என்று கூப்பிட்டு, எதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தாள் என்று தெலுங்கில் கேட்டாள். கிழவி சிரித்துக்கொண்டே நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள்.

ஆஞ்சப்பன் ஸ்ட்ரெச்சரைப் பின்னுக்கு இழுத்தார். உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டாக்டர் கையுறை மாட்டி நின்றார்.

இன்னொரு வெங்கடம்மாளைக் கொண்டுவந்தார்கள். ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம், வந்தது முட்டிக்கு என்று அவளே சொன்னாள். அப்போதுதான் கிருபாராணிக்கு மூச்சு வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கதவைத் திறந்த நர்ஸ் வின்சி, “வலது முட்டிதானே மேடம்?” என்றாள்.

“ஆமா, வலதுதான். கூட்டிட்டுப் போ.”

ஸ்ட்ரெச்சர் உள்ளே பாதி நுழைந்திருந்தது. போர்வைக்குள்ளிருந்து மெலிதாக ஒரு குரல் வந்தது.

“வலது இல்ல கண்ணு. எடது.”