அமுதவல்லி நிறுத்திய ஒரே ஒரு பிள்ளை

அமுதவல்லி கொட்டாவி விட்டால் உலகத்து இணையமே உறங்கிவிடும் என்று ஆட்டையாம்பட்டிக் கல்லூரியில் மாணவன் வளவன் அளந்து திரிவான். உண்மையில் அவர் பார்ப்பது கல்லூரியின் பிராக்ஸி சர்வரை மட்டும்தான். மாணவர்கள் கேட்கும் ஒவ்வொரு இணையப் பக்கத்தையும் எடுத்துவர, அதில் ஓடும் தாய் ப்ராசஸ் என்னும் நிரல் ஒரு பிள்ளை ப்ராசஸை அனுப்பும். முரண்டு பிடிக்கும் பிள்ளையை நிறுத்துவது அவர் வேலை.

தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளில் கணினி லேபில் ஒரு பக்கமும் நகரவில்லை. விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியிருந்த மாணவி ஜோதிக்கு அழுகையே வந்துவிட்டது.

"சர்வர அணைச்சுட்டு மறுபடி போடுங்கக்கா!" என்றான் வளவன்.

"தாய அணைச்சா அத்தன பிள்ளையும் போயிருமே சாமி. ஜோதி எழுதுனது என்னாவறது?"

இணைப்பையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை மட்டும் தேடி நிறுத்தினார். ஜோதியின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. வளவனுக்கும் அப்பாடா என்றிருந்தது.

அமுதவல்லி திரையை விட்டுத் திரும்பாமலே கேட்டார்: "ஏனுங்க வளவன், உங்க சினிமா பாதியில நின்னு போச்சுங்களா?"