வலப்பக்கம் போன பந்துகள்

ஒரு தவறு எதனால் நேர்கிறது என்று தெரியாமலே அதைத் தாண்டிப் போக வழி கிடைத்துவிட்டால், தேடுவதை நிறுத்திவிடலாமா? கலஃப் தன் ஆலை வேலையில் கழித்த கடைசி மூன்று மாதங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது.

கலஃப் எங்கள் பஹ்ரைன் எண்ணெய் ஆலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பவர். முப்பத்தேழு வருட வேலை. வெள்ளிக்கிழமை காலைகளில் ஆலை மைதானத்தில் கோல்ஃப் ஆடுவார். பெரிய ஆட்டக்காரர் என்று சொல்ல மாட்டேன். தூரமாக அடிக்கத் தெரியாது. ஆனால் அடித்த பந்து நேராகப் போகும். அதை நம்பித்தான் பத்தொன்பது வருடங்களாக அவரை நால்வர் அணியில் வைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை கடல் பாலத்தைத் தாண்டிப் போய் சவூதிக்காரர்களோடு ஆடிவிட்டு வரும் அணி அது. ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே அதில் இடம். மார்ச் மாதம் கலஃபுக்கு ஓய்வு. இருபதாவது தடவைதான் அவருக்குக் கடைசி.

எங்கள் மைதானத்தில் புல் கிடையாது, எல்லாம் மணல். வெள்ளைக் கம்புகளுக்கு உள்ளே பந்து விழுந்தால், அவரவர் பையில் இருக்கும் செயற்கைப்புல் விரிப்பை மணலில் போட்டு, பந்தை அதன்மேல் எடுத்து வைத்து அடிக்கலாம். கம்புக்கு வெளியே போன பந்தைக் கிடந்த இடத்திலேயே, மணலிலிருந்தே அடிக்க வேண்டும். அதாவது, விரிப்பு என்பது ஒழுங்காக ஆடியவனுக்குக் கிடைக்கும் சலுகை.

டிசம்பரில் கலஃபின் பந்துகள் வலப்பக்கம் போக ஆரம்பித்தன. காரணமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக.

“யா பூ தலால், அந்தப் பக்கம் உனக்கு நிலம் ஏதாச்சும் இருக்கா?” என்றான் மிர்ஸா. கலஃபை மகன் பெயரால், ‘தலாலின் அப்பா’ என்றுதான் அவன் கூப்பிடுவான். அவரோடு தினமும் ஆலைக்கு ஒரே காரில் போய்வருகிறவன், ஆட்டத்திலும் கூட்டாளி. “எல்லாப் பந்தும் அங்கேயே குடியேறுதே.”

“இருந்தா முதல்ல உனக்குத்தான் வாடகைக்கு விட்டிருப்பேன். இந்த வாய அங்க போய் வெச்சுக்கன்னு.”

மூன்றாவது வாரம் கலஃப் திடீரென்று நடையை நிறுத்தினார். “மிர்ஸா, ஒண்ணு கவனிச்சியா? வெளிய போன பந்த மணல்லேருந்து அடிச்சா நேரா போகுது. உள்ள கிடக்கிறத விரிப்புல வெச்சு அடிச்சாத்தான் கோணிக்குது.”

“அப்ப ஊரெல்லாம் உள்ள வரப் பாடுபடட்டும். நீ வெளிய போகப் பாடுபடு.”

கலஃப் சிரிக்கவில்லை. மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். விரிப்பு தேய்ந்திருக்குமோ என்று மிர்ஸாவின் விரிப்பை வாங்கி அடித்தார்: வலம். தான் அதைக் கோணலாகப் போடுகிறோமோ என்று மிர்ஸாவையே போடச் சொன்னார்: வலம். திருப்பிப் போட்டு, அடிப்பக்க ரப்பரின் மேல் பந்தை வைத்தார்: அப்போதும் வலம். வீட்டு முற்றத்தில் கம்பளியைத் தொங்கவிட்டு அதன்மேல் அடித்துப் பார்த்தார். அவர் மனைவி லதீஃபா பலாலீத் தட்டை வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினார்.

“ஆலைக்குக்கூட நீங்க இவ்வளவு எழுதினதில்ல. சேமியா ஆறுது, சாப்பிட்டுட்டு அடிங்க.”

“இன்னும் பத்தே பத்து பந்து.”

“அந்தக் கம்பளி என்ன பாவம் பண்ணுச்சோ.”

வழியை மிர்ஸாதான் கண்டுபிடித்தான். விரிப்பைப் போடலாம் என்றுதான் விதி; போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. “கம்புக்கு உள்ள கிடந்தாலும் மணல்லேருந்தே அடிச்சுட்டுப் போயேன். யாரு கேக்கப் போறா?”

அணித் தேர்வு மூன்று வெள்ளிக்கிழமை ஆட்டம். கலஃப் முதல் இரண்டையும் விரிப்பே இல்லாமல் ஆடினார். பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருந்தது. பந்துகள் நேராகப் போயின. பட்டியலில் நான்காவது இடத்துக்கு வந்துவிட்டார். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். இரண்டாவது ஆட்டம் முடிந்து கரக் தேநீர் குடிக்கும்போது அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு கேஜ் தப்பா காட்டுதுன்னு வை,” என்றார். “நான் அதப் பாக்காம பக்கத்து கேஜப் பாத்து எழுதிக்கறேன். வேல நடக்குது. ஆனா தப்பு கேஜிலயா, அதுக்கு வர்ற குழாயிலயான்னு தெரியலயே.”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற? அடுத்த மாசம் வீட்டுக்குப் போற ஆளு.”

“அதான் சொல்றேன். அடுத்த மாசம் போயிடுவேன்.”

மிர்ஸாவுக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்கும் அன்று படவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, பதினெட்டாவது குழி. மற்றவர்கள் ஆடி முடித்திருந்தார்கள். கலஃப் அதை நான்கு அடியில் முடித்தால் அணியில் இடம். ஐந்து என்றால் அந்த இடம் கொள்முதல் பிரிவு யூசிஃபுக்கு. முதல் அடி அழகாகப் போய், கம்புகளுக்கு நட்டநடுவே விழுந்தது. எண்ணெய் ஊற்றி உருட்டிய மணல் வட்டம், அதாவது குழி இருக்கும் இடம், நூற்று நாற்பது கஜம் முன்னால் கறுப்பாகத் தெரிந்தது. காற்றே இல்லை, ஆலையின் உயரக் குழாயில் எரியும் தீக்கொழுந்து குச்சி போல நிமிர்ந்து நின்றது. அன்று காலை முழுக்க மணலிலிருந்தே அடித்து, ஒரு பந்துகூட கோணாமல் வந்திருந்தார்.

கலஃப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து விரிப்பை எடுத்தார்.

“பூ தலால்,” என்றான் மிர்ஸா தாழ்ந்த குரலில். “அது வேணாம்.”

அவர் குனிந்து அதைப் போட்டார். ஓரம் மடங்கியிருந்ததைக் கையால் நீவிவிட்டார். பந்தை எடுத்து அதன்மேல் வைத்தார். ஒருமுறை குழியைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் அடித்தார்.

பந்து வலப்பக்கம் வளைந்து கம்பைத் தாண்டிப் போய் விழுந்தது. அது உருண்டு நிற்கும்வரை கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரிப்பைத் தட்டிச் சுருட்டிப் பையில் வைத்தார். அங்கிருந்து மணலில் ஒரு அடி, நேராகக் கறுப்பு வட்டத்துக்கு, அதன்பின் குழிக்குள் தள்ள இரண்டு. மொத்தம் ஐந்து.

பாலம் தாண்டி யூசிஃப் போனான். மிர்ஸா அன்று காரில் கேட்டான், ஓய்வு விருந்தில் கேட்டான், அதற்குப் பிறகும் ஒருமுறை நான் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டான்: “அத ஏன் விரிச்ச?” கலஃப் ஒவ்வொரு தடவையும் கேள்வியைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு பேச்சை மாற்றிவிட்டார். எனக்கு மட்டும் கரக் குடித்த அன்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது: அடுத்த மாசம் போயிடுவேன்.