எல்.கே.ஜி. இந்த வருஷமா, அடுத்த வருஷமா

மகளுக்கு மூன்று வயது முடிந்ததுமே ஒடுகத்தூரில் எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். மலையில் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், "கொயந்தைக்கு இன்னா வயசாச்சு? ஒரு வருசம் போவட்டும்" என்றார்.

என் அவசரத்துக்குக் காரணம், கீழே ஒடுகத்தூரில் இருக்கும் என் நாத்தனார். அவள் மகனுக்கும் இதே வயதுதான். வீடியோ காலில் அவன் ஏ முதல் இசட் வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். பதிலுக்கு என் மகள் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் ஆடு மாதிரியே கத்திக் காட்டுவாள். நாத்தனார் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"சும்மா ஸ்கூலைப் பாத்துட்டு வரலாங்க" என்று அவரைக் கிளப்பி, மூவரும் ஷேர் ஜீப்பில் மலை இறங்கினோம். வளைவுகளில் மகள் வாந்தி எடுத்தாள், முழுவதும் அப்பா சட்டையில். கடைத்தெருவில் அவசரத்துக்கு அவர் அளவில் கிடைத்தது ஒன்றே ஒன்று, பெரிய பெரிய மஞ்சள் பூ போட்ட சட்டை. அதைப் போட்டுக்கொண்டுதான் டீச்சர் முன் உட்கார்ந்தார்.

டீச்சர் ஒரு பட அட்டையைக் காட்டி, "இது என்ன பாப்பா?" என்றார்.

மகள் உற்றுப் பார்த்தாள். "இது யார் வூட்டு மாடு?"

"தெரியலையே."

"கொம்பு வளைஞ்சிக்கீது. எங்க ஊரு மாடு இல்ல" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லா பேசறா. தாராளமா சேர்த்துக்கலாங்க. காலையில ஆறரைக்கு வேன் உங்க ஊருக்கே வந்துடும்."

திரும்பும் ஜீப்பில் என் வீட்டுக்காரர் ஆளே மாறிப்போயிருந்தார். "எப்டி பதில் சொன்னா பாத்தியா? இந்த வருசமே சேத்துடலாம்."

எனக்கு அந்த ஆறரை மணிதான் ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் எட்டு மணிக்கு முன் கண்ணைத் திறந்ததே இல்லை. "கொயந்தைக்கு இன்னா வயசாச்சு?" என்றேன்.

"நீதான சேக்கணும்னு ஆடன?"

"நீங்கதான வாணான்னீங்க?"

எதிரே மடியில் கோழியுடன் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உங்க ரெண்டு பேர்ல யாரு வேணும்ன்றீங்க, யாரு வாணான்றீங்க?" என்றார்.

கடைசியில், காலையில் எழுப்பிப் பார்ப்பது என்று முடிவானது. முதல் நாள் பல் தேய்த்துக்கொண்டே நின்றபடி தூங்கினாள். மறுநாள் வாயில் இட்லியோடு தூங்கினாள். அதற்கடுத்த நாள், அவளை எழுப்புகிறேன் என்று சொன்ன அவரே எழுந்திருக்கவில்லை. நானும் அவரை எழுப்பவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே விஷயம் தீர்ந்துபோனது.

அந்த வருஷம் எங்கள் ஊர் பால்வாடிக்குப் போனாள். முட்டை சாப்பிட்டாள், மத்தியானம் தூங்கினாள், பாட்டு கற்றுக்கொண்டாள். அடுத்த ஜூனில் ஒடுகத்தூரில் சேர்த்தோம். முதல் நாள் வேனில் ஏறிக் கையாட்டிவிட்டு உற்சாகமாகப் போனாள். எங்களுக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை எழுப்பியதும், "நேத்துதான் போய்ட்டு வந்தேனே" என்றாள்.

வேனில் போகும் பள்ளிக்கூடமும் பால்வாடி மாதிரி தினமும் உண்டு என்பதை ஒரு வருஷமாக நாங்கள் இருவருமே அவளிடம் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அழுதாள்.